கடைசி மரத்துக்கு மேலே

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சீனச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மணாலிக்கு மேலே ரோத்தாங் என்று ஒரு கணவாய். வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் அந்த வழியாக அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவதுதான் வேலை. கல்யாணத்துக்குக் கொடுத்த லீவு முடிந்து அவர் ரயிலேறிப் போனபோது எங்களுக்குள் பழக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆவடியில் ரயில் பாதை ஓரம் ஓட்டு வீடு. அதில் நானும் மாமியாரும். நான் பூந்தமல்லிக்காரி. என் அம்மா குத்தம்பாக்கம் வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை எட்டாவது வரை படிக்க வைத்திருந்தாள். மலை என்றால் நான் பார்த்தது பரங்கிமலையை, அதுவும் தூரத்திலிருந்து.

அடுத்த லீவில் அவர் வந்தபோது இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"அங்க இன்னாயா கீது?"

"மரம் கீது. அப்பால மரம் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விசிறியைக் கீழே வைத்தார்.

"சிரிக்காதமே. கீழ ஆத்தோரம் கெளம்பும்போது டாப் கியர். அங்க பூரா தேவதாரு, பனைமரத்தவிட ஒசரம். மூணாவது கியருக்கு வந்தா தேவதாரு கொறைஞ்சிடும், வேற மரம் வரும், கருப்பா, கூம்பு கூம்பா. ரெண்டாவது போட்டுட்டேன்னு வையி, எல்லாம் வெள்ளப் பட்டை மரம். காய்தம் மாரி உரிஞ்சிக்கினு நிக்கும். போவப் போவ குள்ளமாயிடும், காத்துல முதுகு வளைஞ்சி தரையில படுத்துக்கினு கெடக்கும். ஒரு வளைவுல கடைசியா ஒரே ஒரு மரம். அத்தத் தாண்டுனா மரம்னு ஒண்ணு ஒலகத்துல இருந்துச்சான்னே தோணும்."

"அதுக்கும் மேல ஒண்ணுமே கெடையாதா?"

"பூ கீது. மலை பூரா பூ. முட்டி ஒசரம் நிக்கும். நீலம்னா அப்டி ஒரு நீலம் நான் எங்கயும் பாத்ததில்ல."

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பேச்சு. லாரி ஓட்டுகிறவருக்கு மலையின் உயரம் கியரில் தெரிந்திருக்கிறது. அந்தந்த கியருக்கு ஒரு மரம் என்று அவர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஆற்றின் இந்தக் கரையில் காடு இருக்கும், எதிர்க் கரையில் வெறும் புல் இருக்கும், வெயில் விழுகிற பக்கம் ஈரம் தங்காது, அதனால்தான் என்றார். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு செடி, இந்தப் பக்கம் வேறு செடி என்றார். லீவு முடிவதற்குள் நான் அந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவேன் போலிருந்தது.

அவர் போன பிறகு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். செம்புக் கம்பியைச் சுருளில் சுற்றிச் சுற்றி அடுக்க வேண்டும். கை அதன்பாட்டுக்கு ஓடும். தகரக் கூரை கொதிக்கும். கண் எதிரே கம்பி மினுங்கிக்கொண்டே இருக்கும்போது மனசு எங்காவது போய்விடும். என் மனசு தேவதாருவிலிருந்து கிளம்பும். கருப்பு மரங்களுக்குள் நுழைந்தால் கழுத்தில் வேர்வை ஆறும். வெள்ளைப் பட்டைக்கு வந்ததும் மூச்சு மெல்லிசாகும். கடைசி மரத்தைத் தாண்டியதும் முழங்கால் உயரப் பூக்களுக்குள் நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பக்கத்து ஸ்டூல்காரி தோளில் தட்டி, "எங்கடி கீற?" என்பாள். நான் சொன்னதில்லை.

சில வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு மகள் பிறந்தாள். அப்புறம் ஒரு ஐப்பசியில், லீவு காலமே இல்லாத நேரத்தில், அவர் வந்தார். கூடவே இன்னொரு பட்டாளத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் இளைத்துப் பாதியாக இருந்தார். மேலே லாரி நின்றுபோன ஒரு நாளில் அவருக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். உயரத்தில் சிலருக்கு அப்படி ஆகும், ஒருமுறை ஆனவனுக்கு மறுபடியும் ஆகும், இனிமேல் மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். கூட வந்தவர்தான் இதையெல்லாம் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார், ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவரைப்போல.

உடம்பு சீக்கிரமே தேறிவிட்டது. பட்டாளத்திலிருந்து கழற்றிவிட்ட பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேனை ஓட்டப் போனார். சம்பளம், ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமை மீன் என்று எல்லாரையும் போல ஆனோம். ஆனால் சமதரை அவருக்குப் பிடிபடவே இல்லை. திருப்பத்தில் வண்டியைத் திருப்பும்போது எதிரே எழுந்து நிற்க வேண்டிய மலையை அவர் கண் தேடுவது எனக்குத் தெரியும். மாமியாருக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"அந்த மலை உன் நெஞ்சுல தண்ணி ஊத்தி அனுப்பிச்சி நைனா. இன்னும் அதையே பேசிக்கினு கீறியே. இங்க இன்னா மரமா இல்ல?"

"கீதும்மா. எல்லாம் ஒரே ஒசரத்துல கீது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் மகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்கு அம்மா வீட்டுக்குப் போவார். மகள் முன்பாரில், நான் கேரியரில். ரோடு தட்டையாக நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் புளியமரம். பாதி வழியில் நான் அவர் முதுகில் விரலால் தட்டி, "இப்ப எங்கயா கீறோம்?" என்பேன்.

"மூணாவது கியரு. தேவதாரு முடியப் போவுது."

காட்டுப்பாக்கத்தில் என் அக்கா இருந்தாள். சில வாரம் அங்கேயும் நீளும் பயணம். அதுவரை ஏறினால் கடைசி மரத்துக்கு மேலே இருக்கும் புல்லை எட்டிவிடுவோம். வெயிலில் தார் உருகும் ரோட்டில், "பனி தெரியுது பாரு" என்று அவர் கை காட்டுவார். மகள் நிஜமாகவே பார்ப்பாள்.

ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரி அடியோடு வற்றப் பார்த்த ஒரு கோடை வந்தது. மழை முந்தின வருஷம் பொய்த்திருந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கரைமேல் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவர் நின்றுவிட்டார்.

"தோ பாருமே. நல்லா பாரு."

நான் பார்த்தேன். ஏரிக்குள் வட்டம் வட்டமாக நிறங்கள். கரையில் பனையும் ஆவாரையும். அதற்கு உள்ளே அருகம்புல், காய்ந்த பழுப்பு. அதற்கும் உள்ளே, வெடித்த மண்ணில் செருப்படை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு ஒரு சாம்பல் வளையம். அப்புறம் கொட்டைக்கரந்தை ஊதாவாக. அப்புறம் பொடுதலை. கால் வைத்தால் புதையும் சேற்றில் பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை. நட்டநடுவில் கொஞ்சூண்டு தண்ணீர், அதில் நாரைகள்.

"ஓரம்தான் மொதல்ல காஞ்சிது. அத்தொட்டு அங்க கீறது முதிர்ந்துபோச்சி. உள்ள போவப் போவ எளசு. தண்ணிகிட்ட கீறது நேத்து மொளைச்சது" என்றார். "மேல பனி ஒதுங்கற எடத்துலயும் இப்டித்தான். பனி பின்னால போவும், செடி தொரத்திக்கினே போவும்."

கரையிலிருந்து இறங்கி உள்ளே நடந்தோம். ஒவ்வொரு வளையத்தைத் தாண்டும்போதும் காலடியில் வேறு வாசனை வந்தது. கொட்டைக்கரந்தையை மிதித்தால் ஒரு நெடி, பொடுதலையில் வேறொன்று. ஆள் உயரம்கூட இருக்காது அந்தப் பள்ளம். அதற்குள் இத்தனை ஊர்கள். நாரைகள் எழுந்து பறந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. அந்த ஈரத்தில் நின்றுகொண்டு நான் சொன்னேன்:

"நான் அத்தப் பாக்கணும்யா."

"எத்த?"

"மரம் இல்லாத எடத்த."

அவர் கரையேற எனக்குக் கை கொடுத்தார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆடி கடைசிதான் நல்ல நேரம். பூ பூரா அப்பத்தான்" என்றார்.

போவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. எழுபதுகள் பாதி தாண்டியிருந்தன. மகளை அம்மாவிடம் விட்டோம். மாமியார் கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் ரயிலுக்கு என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். "அவன் கடைசி மரத்தோட நிக்கணும். உன் பொறுப்பு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சத்தியம் பண்ணியிருந்தார். மரம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து இரண்டு பேருமாக மேலே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார்.

டெல்லி ரயில், அப்புறம் பஸ், மறுபடி பஸ். மணாலியில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தேவதாரு என் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அதன் அடிமரத்தில் கை வைத்தேன். பத்து வருஷமாகத் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

மறுநாள் காலை கணவாய் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மழை விட்டிருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் மாறும்போதெல்லாம் அவர் இடதுகை மடியில் அசைந்தது. நான் அவரைத் தாண்டி வெளியே பார்த்தேன். தேவதாரு அடர்ந்து, பிறகு குறைந்தது. கருப்புக் கூம்பு மரங்கள் மேகத்துக்குள் நின்றன. பிறகு வெள்ளைப் பட்டை. அவர் சொன்னபடியே காகிதமாக உரிந்து, காற்றில் படபடத்துக்கொண்டு. அவற்றின் காலடியில் பெரிய பெரிய இலைகளோடு புதர்கள் சரிவை நோக்கிப் படுத்திருந்தன. சாய்ந்து படுத்துத்தான் பனியின் பாரத்தை வாங்கிக்கொள்ளுமாம். பேசினால் எல்லாம் கலைந்துவிடும் போலிருந்தது.

டீக்கடையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி ஏறினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எறங்குயா. எடம் வந்துடுச்சி."

"இன்னும் கொஞ்சம். இன்னும் நாலு வளைவுதான். ஒண்ணும் ஆவாது."

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பேச்சின் நடுவே காற்றைத் தேடி நின்று நின்று வந்தது. உதடு வெளுத்திருந்தது. முகத்தைப் பார்த்தால் திருவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளையின் முகம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் அவர் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியே வெளியே போட்டுவிட்டேன்.

"எறங்கு."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். கடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப்பட்டை மரம். அதில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ போ."

"நான் எங்கயும் போவல."

"ரெண்டு பேரும் இங்கயே குந்திக்கினா அத்த யாரு பாக்கறது? போய் பாத்துட்டு வந்து சொல்லு. சாயங்காலம் எறங்கற பஸ் இங்க நிக்கும். எனக்கு இங்க மூச்சு செரியா கீது, பாரு."

பார்த்தேன். உட்கார்ந்ததும் மூச்சு உண்மையிலேயே அடங்கியிருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் கடைக்காரர் கொடுத்த டீ டம்ளரை உயர்த்திக் காட்டினார்.

கொஞ்சத்தில் மரங்கள் நின்றன. ஒரு இடத்தில் இருந்தன, அடுத்த வளைவில் இல்லை. மலை தன் தோலோடு எழுந்து நின்றது. கணவாயின் உச்சியில் என்னை இறக்கிவிட்டு பஸ் அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அதன் சத்தம் அடங்கியதும் காற்று மட்டும்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முழங்கால் உயரப் பூ எங்குமே இல்லை. மாடு மேய்ந்த தரையைப்போல ஒட்ட வெட்டிய பச்சை. நடுவே கல், கல்லுக்கு நடுவே தண்ணீர். நான் ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நடந்தேன். சரிவின் நிழலில் அழுக்குப் பனி ஒரு திட்டாகக் கிடந்தது. அதன் ஓரத்துக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. பனியை ஒட்டி மண் ஈரமாக, புல் நசுங்கிப் பழுப்பாக. ஒரு முழம் தள்ளி, சிவப்பு மூக்கோடு முளைகள். அதற்கு அப்பால் மொட்டு. அப்புறம் மஞ்சளாக ஒரு வளையம், பூத்து முடித்த வளையம், காய் கட்டிய வளையம். பனி பின்வாங்கிப் போன வழியெல்லாம் பருவங்கள் வரிசையாக நின்றன. சித்திரையும் ஆடியும் புரட்டாசியும் ஒரே நேரத்தில் ஒரே சரிவில். பருத்திப்பட்டு ஏரியில் நின்றபோது வந்த அதே நிதானம் எனக்குள் வந்தது. இந்த இடத்தின் கணக்கு எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

அப்போதுதான் தலை சுற்றியது. காற்று வேறு தள்ளியது. ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியாமல் படுத்துவிட்டேன். கன்னம் தரையில் பட்டது. கண்ணைத் திறந்தேன்.

காடு. என் கண்ணுக்கு நேரே ஒரு காடு நின்றது. மஞ்சள் பூக்கள் வானத்தில் தலையை நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் தண்டுகளில் வெள்ளை ரோமம். சாம்பல் நிறத்தில் பஞ்சால் செய்ததுபோல ஒரு நட்சத்திரம். இளஞ்சிவப்பில் மணி மணியாக. ஒவ்வொன்றும் வேறு, ஒரு முழத் தரைக்குள் நான் எண்ண முடியாத அளவுக்கு வேறு. கைப்பிடி அளவு பச்சைத் தலையணை ஒன்று, கல்லின்மேல் உப்பிக்கொண்டு, உடம்பு பூராவும் மிளகளவு வெள்ளைப் பூ. பாறை இடுக்கில், முள்ளு முள்ளான தண்டில், தனியாக ஒரு நீலம். மெல்லிய இதழ் வழியே வெயில் வந்தது. ஒரு தேனீ என் மூக்கருகே அந்தக் காட்டுக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் போவதுபோலப் போனது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனென்று தெரியாது. காற்று எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தரையோரம் அது எட்டவில்லை.

இறங்கும் பஸ் வந்தபோது எழுந்து கை காட்டினேன்.

அவர் அதே மரத்தடியில் இருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கேட்டார்.

"நீலம்?"

"இருந்துச்சி. ஒண்ணே ஒண்ணு."

"ம்."

"முட்டி ஒசரம்னு சொன்னியே?"

"இல்லியா?"

"வெரல் ஒசரம்யா. நின்னா கண்ணுக்கே தெரியல. தல சுத்தி கீழ படுத்தேன், அப்பத்தான் பாத்தேன்."

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். கையைத் தரைக்கு மேல் வைத்து ஏதோ அளந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"நான் எப்பவும் படுத்துக்கினுதான் பாத்துக்கீறேன்" என்றார். "லாரி அங்கதான் மக்கர் பண்ணும். அடியில பூந்து, ஸ்பேனரை வெச்சிக்கினு மணிக்கணக்கா கெடப்பேன். தலையத் திருப்பினா பூ. நடந்து பாத்ததே இல்லமே. ரோட்ட வுட்டு எறங்கவே விடமாட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரர் அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர், இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னார்.

"அந்தக் கடைசி தபாவும் அடியிலதான் இருந்தேன். நெஞ்சுக்குள்ள கொழகொழன்னு சத்தம். எழுந்துக்க முடியல. கூட இருந்தவன் ஆளக் கூப்புட ஓடிட்டான். வெரலெல்லாம் மரத்துப்போச்சி. பக்கத்துல கல்லு மேல ஒண்ணு, பச்சையா, தலவாணி மாரி—"

"அத்தப் பாத்தேன். வெள்ளப் பூ."

"அதும் மேல கைய வெச்சேன். சூடா இருந்துச்சிமே. சுத்தி பூரா ஐஸு, அது மட்டும் உள்ளுக்குள்ள வெயில வெச்சிக்கினு கீது. ஆளுங்க வர்ற வரைக்கும் கைய எடுக்கல. உயிருள்ள ஒண்ணு கூட கீதுன்னு ஒரு தைரியம்."

நான் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவரிடம் சொன்னேன். "போவுது வுடு" என்றார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வேன் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். பஸ் டிரைவரும் அவசரப்படவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் மலையைப் பற்றிப் பேசுவது குறையவில்லை. பேசுகிற விதம் மாறிவிட்டது. யாராவது கேட்டால் பாதி தூரம் அவர் சொல்வார். மரம் முடிந்ததும், "அதுக்கு மேல நீ சொல்லு" என்று என் பக்கம் திரும்புவார். வெள்ளானூரிலிருந்து வரும் அவருடைய கம்பெனி சிநேகிதர்கள் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்ப்பார்கள். மாமியார்கூட ஒருநாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பஞ்சு பூவு, அதுக்கு இன்னாத்துக்குப் பஞ்சு?" என்று கேட்டார். குளிருக்கு என்றேன். "பாவம்" என்றார்.

அதெல்லாம் பிறகு. மலையில் அன்று மாலை, டீக்கடையிலிருந்து பஸ் கிளம்பியதும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஒவ்வொரு வளைவிலும் மரங்கள் திரும்பி வந்தன. முதலில் வெள்ளையாக ஒன்றிரண்டு, பிறகு கூட்டமாக, பிறகு ரோட்டின்மேல் கவிந்துகொண்டு. கீழே காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஈர மண்ணும் பிசினுமாக வாசனை ஏறி வந்தது. மூச்சு இழுக்க இழுக்க உள்ளே இறங்கியது. அவருடையதும் பக்கத்தில் ஆழமாக, சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாரல் அவர்மேல் படாமல் சற்றுத் திரும்பி உட்கார்ந்தேன்.